செத்தவீட்டில் சிரிக்க வைத்த நாடா

எழுபதுகளின் கடைசியில், சோளகக் காற்று அடிக்கும் காலத்தில், நெடுந்தீவில் நடந்தது இது. ஒரு வீட்டில் கிணற்றை ஆழமாக்கும் வேலைக்குப் போயிருந்தேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மன்னாரில் உப்பளம், திருகோணமலையில் மரம் அறுத்து விற்கும் மரக்காலை, கொழும்பில் றேடியோ திருத்தும் கடை என்று அலைந்தவன். அந்தக் கடையில் கழித்துவிட்ட ஒரு ரேப் ரெக்கோடர் எனக்குக் கிடைத்திருந்தது. உடுக்கிற இரண்டு சாரத்தைத் தவிர என்னிடம் இருந்த சொத்து அது ஒன்றுதான்.

மாலையில் வேலை முடிந்ததும் அயலவரைப் பேசவிட்டு, பதிந்து, திருப்பிப் போட்டுக் காட்டுவேன். தங்கள் குரலைத் தாங்களே கேட்டு அதிசயப்படுவார்கள். "இந்த நாடாவுக்குள்ளை போனது நூறு வருசத்துக்கும் அழியாது" என்று ஏதோ நானே அதைக் கண்டுபிடித்தவன் மாதிரிச் சொல்வேன்.

நான் வேலை செய்த வீட்டுக்காரர் நாலு நாள் காய்ச்சலில் படுத்து, திடீரென்று இறந்துபோனார். ஒரே மகன் கப்பலில் வேலை. எந்தக் கடலில் நிற்கிறான் என்றுகூட அப்போது யாருக்கும் தெரியாது. அவரின் மனைவி, அழுத முகத்தோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, என்ர பிள்ளை தேப்பன்ர முகத்தையும் பாக்கேல்லை. நாங்கள் அழுறதையாவது அவன் கேக்கவேணும். கேட்டால்தான் அவனும் அழுவான். உள்ளுக்கை வைச்சிருக்கக்கூடாது. உம்மட பெட்டியிலை பிடிச்சுத் தாரும்."

"ஓம் அம்மா, அது என்ர பொறுப்பு" என்றேன்.

பற்றரி முடியும் நிலையில் இருந்தது. கடல் கொந்தளித்ததால் வள்ளம் வரவில்லை, கடையிலும் பற்றரி இல்லை. எல்லாரும் செய்வதுபோல, பழைய பற்றரிகளைக் கல்வேலியின் மேல் அடுக்கி வெயிலில் காயவைத்தேன். சூடேறினால் கொஞ்ச நேரம் உயிர் வரும். அன்றும் வந்தது. பெண்கள் வட்டமாக இருந்து, ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி சொல்லத் தொடங்கியதும் பொத்தானை அமத்தினேன்.

கொஞ்ச நேரத்தில், கசற்றின் சின்னக் கண்ணாடிக்குள்ளே சக்கரம் மெதுவாகச் சுற்றுவதைக் கண்டேன். பற்றரி இறங்குகிறது, பதிவது பிழைக்கும் என்று எனக்கு விளங்கியது. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னையும் பெட்டியையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். வாய் திறக்க வெட்கமாக இருந்தது. பதிந்தால் போதும் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் காற்றுத் தணிந்து வள்ளம் வந்தது. புதுப் பற்றரி வாங்கிப் போட்டேன். சாம்பல் அள்ளும் காடாற்றுக்கு வந்த சனம் இன்னும் வீட்டில் இருந்தது. "என்ர பிள்ளைக்குக் கேக்கிறமாதிரி எனக்கும் ஒருக்காப் போடும் தம்பி" என்று அம்மா முன்னால் வந்து இருந்தார்.

போட்டேன். முதலில் சரியாக இருந்தது. பிறகு குரல்கள் வேகம் பிடித்தன. சக்கரம் மெதுவாகச் சுற்றியபோது பதிந்த அழுகை, இப்போது முழு வேகத்தில் ஓடியது. நேரம் போகப் போக, கோழிக்குஞ்சுக் கூட்டம் கீச்சிடுவதுபோல ஆகிவிட்டது. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அண்ணை, நாங்கள் அழுததைவிடக் கெதியா உங்கட பெட்டி அழுது முடிக்குது" என்றான் ஒரு பொடியன்.

அதற்குமேல் ஒருவராலும் அடக்க முடியவில்லை. ஒப்பாரி சொன்ன பெண்களே சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியைப் பார்த்து, "இது நானோ?" என்று கேட்டார்.

நான் பொத்தானை அமத்திப் பெட்டியை நிறுத்தினேன்.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று துணிந்து அம்மாவிடம் போனேன். இன்னொருமுறை ஒப்பாரி சொன்னால் சரியாகப் பதிந்து தருகிறேன் என்றேன். சொல்லி முடிக்கும் முன்பே அவரின் மகள் குசினிக்குள்ளிருந்து வந்துவிட்டாள்.

"திருப்பி அழச் சொல்லிக் கேக்கிறீரோ? அம்மா என்ன றேடியோவே, திருகினவுடனை பாட?"

"விடு பிள்ளை" என்றார் அம்மா. என்னைப் பார்த்து, "பெட்டியைப் போடும்" என்றார்.

கண்ணை மூடி, ஒரு வரி எடுத்தார். அடுத்த வரி வரவில்லை. "ஏலாது தம்பி. அது அண்டைக்குத் தானா வந்தது" என்றார். நான் நிறுத்தப் போனேன். கையால் தடுத்தார். பிறகு, மகன் முன்னால் இருப்பதுபோலப் பெட்டியோடு பேசத் தொடங்கினார்.

"தம்பி ராசா, கொப்பர் நோகாமல் போயிட்டார். கடைசியாக் கஞ்சி கேட்டவர், ரண்டு வாய் குடிச்சவர். நாங்கள் அழுதது இதிலை இல்லை. ஆனால் நல்லா அழுதனாங்கள், நீ யோசியாதை. உனக்கும் சேத்து நான் அழுதனான். பெட்டியிலை பிடிச்ச பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை. கடல் கொந்தளிச்சுப் பற்றரி வரேல்லை, அவ்வளவுதான். அந்தப் பிள்ளையைக் கோவியாதை."

சக்கரம் மெதுவாகச் சுற்றியதை நான் கண்டேன் என்று அவருக்குத் தெரியாது. அப்போதே சொல்லியிருந்தால், அயலில் யாருடைய ரோச் லைற்றிலிருந்தாவது பற்றரி கழற்றித் தந்திருப்பார்கள். அதை அப்போதும் சொல்லவில்லை. சொன்னால் அதுவும் நாடாவில் பதிந்து மகனிடம் போய்விடுமே என்று பயந்தேன்.

கசற்றை மகளிடம் கொடுத்துவிட்டு அடுத்த வள்ளத்தில் ஏறினேன். மகன் கேட்டானா, அழுதானா என்று அறிய நான் திரும்பிப் போகவேயில்லை. போன இடமெல்லாம் ஏச்சு வாங்கியவன் நான், அதெல்லாம் மறந்துபோனது. ஆனால் தன் துக்கத்தின் நடுவிலும் எனக்காக மகனிடம் பரிந்து பேசிய அந்தத் தாயை நினைத்தால், இத்தனை வருடம் கழித்தும் எனக்குத் தலை நிமிராது.