பதினேழாம் எண் வீட்டின் முன் என் மாப்பிள்ளை

என் மாப்பிள்ளையைப் பற்றி எழுதுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் பொறாமை. கொஞ்சநஞ்சமல்ல. என் தங்கையைக் கட்டியவர், தங்கமான மனிதர், எனக்குக் காய்ச்சல் என்றால் முதல் ஆளாக வந்து நிற்பவர். இவ்வளவு நல்லவராக இருக்கிறாரே என்பதே பாதி எரிச்சல்.

அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சுவரில் விளக்குப் போட்ட எழுத்துப் பலகை, மேஜையில் மணல்மாதிரி திருகாணிகள் கிடக்கும் ஒரு கிண்ணம், எதிரே நாற்காலி. அந்த நாற்காலியில் ஆள் உட்கார்ந்தால் போதும், மேல் வரிசையைப் படிக்கச் சொல்வதற்கும் கீழ் வரிசையைப் படிக்கச் சொல்வதற்கும் நடுவே ஊரின் நூறு வருடக் கதையை அவிழ்த்துவிடுவார். எழுந்து ஓடவும் முடியாது, மூக்கில் இரும்பு ஃப்ரேம் மாட்டியிருக்கும்.

அந்தக் கதைகளில் முக்கால்வாசி என்னுடையவை. நகராட்சி ஆவண அறையில் முப்பத்தொரு வருடம் தும்மிக்கொண்டே வேலை பார்த்தவன் நான். நான் சொல்ல ஆரம்பித்தால் எதிரில் இருப்பவர் கடிகாரத்தைப் பார்ப்பார். அதையே மாப்பிள்ளை சொன்னால் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார். எனக்கு வயிறு எரியாமல் என்ன செய்யும்?

போன வருடம் ஆவணப்படம் எடுக்கிற டைரக்டர் அம்மா ஒருவர், கண்ணாடியில் திருகாணி கழன்றுபோய்க் கடைக்கு வந்தார். அதை முடுக்கிக் கொடுத்த பத்து நிமிடத்தில் மாப்பிள்ளை வெள்ளக் கதையைச் சொல்லி முடித்துவிட்டார். ஊர் மூழ்கிய வருடம், டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஒரு பெண் மூன்று நாள் வீட்டுக்கே போகாமல், பள்ளத்துத் தெருக்களுக்கெல்லாம் போன் போட்டு எச்சரித்துக்கொண்டே இருந்தாள். அவளைத் தேடி எடுத்தவன் நான். வெள்ள நிவாரணக் கோப்புக்குள் யாரோ சொருகி வைத்திருந்த வருகைப் பதிவேட்டில் மற்ற எல்லோர் கட்டமும் காலி, அவள் கையெழுத்து மட்டும் மூன்று நாளும் இருந்தது. எக்ஸ்சேஞ்ச் நடந்த வீட்டின் எண்ணையும் ஒரு துண்டுச்சீட்டில் எழுதி மாப்பிள்ளையிடம் கொடுத்திருந்தேன்: பதினேழு.

“நீங்கதான் சார் எங்க படத்துக்கு வரலாற்று நிபுணர்” என்றாராம் அந்த அம்மா. நிபுணர்! லென்ஸைத் துடைத்துக் கொடுக்கிறவர் நிபுணர், தூசியைத் தின்றவன் நிபுணரின் மச்சான்.

“அண்ணா, அவருக்கு உதறலா இருக்காம். ஷூட்டிங் அன்னிக்கு நீங்க பக்கத்துல நின்னா போதுங்கறார்” என்றாள் தங்கை. இஸ்திரி போட்ட சட்டையில் போனேன். யார் கண்டது, என்னையும் ஒரு வார்த்தை கேட்டாலும் கேட்பார்கள் என்று ஒரு நப்பாசை.

கேமரா நின்ற இடத்தைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளைவு வைத்த பால்கனியோடு அழகான வீடு, வாசலில் பதினேழு என்று பலகை. ஆனால் எக்ஸ்சேஞ்ச் இருந்த வீடு அதுவல்ல. ஊர் பெருத்தபோது தெருவை மறுகோடியிலிருந்து எண்ணினார்கள், எல்லா எண்ணும் மாறின. ஆவண அறைக்காரர்களுக்கு மட்டும் இன்றைக்கும் பழைய எண்தான் எண். ‘பழைய’ என்று பக்கத்தில் எழுதும் வழக்கமே எங்களுக்குக் கிடையாது. என் பதினேழு இப்போது முப்பத்தொன்று, டயர் கடை. இந்தப் பால்கனி வீடு வெள்ளம் வடிந்து பதினோரு வருடம் கழித்துக் கட்டியது. அதன் கட்டட அனுமதியைக் கோப்பில் கோத்தவனே நான்தான்.

சொல்லிவிடலாம் என்று ஓரடி முன்னால் வைத்தேன்.

“சார், கொஞ்சம் ஓரமா நிக்கறீங்களா? உங்க நிழல் நிபுணர் மேல விழுது” என்றார் டைரக்டர்.

நகர்ந்து மாப்பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றேன். மாப்பிள்ளை அந்தச் சுவரைத் தொட்டு, கண் கலங்கிப் பேசிக்கொண்டிருந்தார். பேசட்டும், ஊரே பார்க்க மூக்குடைபடட்டும் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

ஞாயிறு மாலை ஒளிபரப்பு. தங்கை வீட்டு ஹாலில் அக்கம்பக்கத்து ஆட்களெல்லாம் கூடியிருந்தார்கள். கட்டட அனுமதியின் நகல் என் சட்டைப் பையில் நான்காக மடித்து இருந்தது. படம் முடிந்ததும் எல்லோர் முன்னாலும் பிரிக்க வேண்டியதுதான் பாக்கி.

திரையில் மாப்பிள்ளை சுவரிலிருந்து கையை எடுத்துவிட்டுச் சொன்னார்: “இதெல்லாம் நான் கண்டுபிடிச்சது இல்லைங்க. என் மச்சான் ஆவண அறையில முப்பத்தொரு வருஷம் உக்காந்து தேடினது. அவர் இல்லைன்னா அந்தப் பொண்ணு இருந்ததே யாருக்கும் தெரியாது. நான் வெறும் வாய்தான்.” அடுத்தது, திரை முழுக்க என் துண்டுச்சீட்டு. என் கையெழுத்தில் பதினேழு. கீழே என் பெயர்.

எல்லோரும் கை தட்டினார்கள். தங்கை என் தோளைப் பிடித்து உலுக்கினாள். “இதைச் சேத்தாதான் வருவேன்னு அந்த அம்மாகிட்ட ஒத்தக்கால்ல நின்னார்ணா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு எனக்கு வேற உத்தரவு.”

கூட்டம் கலையும்வரை பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு மாப்பிள்ளையிடம் அந்தக் காகிதத்தை நீட்டினேன். லென்ஸைப் பார்ப்பதுபோல விளக்கை நோக்கித் தூக்கிப் பிடித்துப் படித்தார், தேதியை இரண்டு தடவை படித்தார். பழைய பதினேழுதான் இன்றைய முப்பத்தொன்று என்று சொன்னேன்.

“அப்ப வீடு தப்பா? டயர் கடைதானா?”

“ஆமா மாப்பிள்ளை.”

“இது உங்களுக்கு எப்பத் தெரியும்?”

பொய் சொல்ல இடம் இருந்தது. நேற்றுதான் கிடைத்தது என்று சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பார். “ஷூட்டிங் அன்னிக்கே” என்றேன்.

அவர் காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்தார். சமையலறையில் தங்கை யாரிடமோ போனில் என் பெயரைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“என் பின்னாடியேதானே நின்னீங்க மச்சான்?” என்று கேட்டார்.