கடைசியாக எதற்குப் பஸ் ஏறினீர்கள்?

தம்பிராசா அண்ணன் போய்விட்டார் என்ற செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் கட்சிக்காரர் அல்லர். தேர்தலில் எங்களைத் தோற்கடித்த கட்சிக்கு மூதூரில் வேலை செய்யும் ஹனீபா நானாதான் சொன்னார். நான் குசினியில் சூடை மீன் துப்புரவாக்கிக்கொண்டிருந்தேன். செதிள் ஒட்டிய கையோடு போனை எடுத்தேன். "றோசலின் தங்கச்சி, நம்மட கொண்டக்டர் போயிட்டாரு. சுபஹு தொழுதிட்டு வரக்குள்ள செய்தி வந்திச்சு" என்றார். மீனை அப்படியே விட்டுவிட்டுக் கை கழுவி வெளிக்கிட்டேன். எங்கள் கட்சி அலுவலகத்திலிருந்து அழைப்பு வந்தபோது மத்தியானம் தாண்டிவிட்டது. அதற்குள் நான் சம்பூரில் அவருடைய வீட்டு வாசலில் நின்றேன்.

முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு எழுதச் சொல்லி என்னைக் கேட்டவர் அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா. "என்னைவிட நல்லா எழுதிற ஆக்கள் இருக்கினமே அக்கா" என்றேன். "இருக்கினம்தான். ஆனா அவரோட ஆகக் கூடச் சண்டை பிடிச்ச ஆள் நீங்கள்தானே. நீங்களே எழுதுங்கோ" என்றார். சரியான காரணம்தான். அவரை அறிந்த உங்களுக்கு நான் அவருடைய பெருமையைச் சொல்லத் தேவையில்லை. சண்டையைச் சொல்கிறேன், அதற்குள்ளே பெருமையும் வந்துவிடும்.

அவரை எல்லோரும் கொண்டக்டர் என்றே கூப்பிட்டார்கள். முப்பது வருசத்துக்கு மேல் அரச பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். பாலங்கள் வருவதற்கு முன்பு, ஒவ்வொரு துறையிலும் பஸ்ஸை மிதவையில் ஏற்றி அக்கரை சேர்த்த காலத்து ஆள். யுத்தத்தில் சம்பூரை விட்டு எல்லோரோடும் ஓடி, அகதி முகாமில் இருந்து, திரும்பி வந்து, பற்றைக் காடு வெட்டி, அதே வளவில் மறுபடி வீடு கட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு எங்கள் கட்சியின் பிரசாரக் குழுவில் சேர்ந்தார். நான் திருகோணமலை நகரத்து லிங்கநகர்க்காரி. தபால் கந்தோரில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவள். கட்சிக்குத் துண்டுப்பிரசுரம் எழுதுவது என் வேலை. கோபம் எனக்கு மூக்கின் நுனியில் இருக்கும். அவருக்கு எங்கே இருந்ததென்று கடைசிவரை நான் கண்டுபிடிக்கவில்லை.

எங்கள் கதை ஒரு பொதுத் தேர்தல் காலத்தில், என் பிழையோடுதான் தொடங்குகிறது. கொழும்பிலிருந்து பெரிய பேச்சாளர் ஒருவர் ஈச்சிலம்பற்றுக்கு வருவதாக இருந்தது. நாள் குறிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. நான் விடுவேனா? பஞ்சாங்கத்தில் கரிநாள் பார்த்தேன். வெள்ளிக்கிழமை ஜும்மாவைத் தள்ளினேன், ஞாயிறு பூசையைத் தள்ளினேன், பௌர்ணமிப் போயாவைத் தள்ளினேன். கோயில் திருவிழா இல்லை, அறுவடையும் தொடங்கவில்லை என்று விசாரித்து ஒரு செவ்வாய்க்கிழமையைக் குறித்தேன். இனி ஒருவராலும் குறை சொல்ல ஏலாது என்று மனதுக்குள் எனக்கே ஒரு சபாஷ் போட்டுக்கொண்டேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை வரிசை வரிசையாக வெள்ளைக் கதிரைகள். அவற்றில் நான்கு கிழவர்கள். முன்வரிசைக்கு முன்னால் ஒரு நாய். பேச்சாளர் விடவில்லை. திருகோணமலைத் துறைமுகத்தின் மேல் உலக வல்லரசுகளின் கண் இருக்கிறது என்று அந்த நால்வருக்கும் நாய்க்கும் விளக்கினார். மாவட்ட அமைப்பாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். என் முகத்தில் ஈயாடவில்லை. கிழவர்களில் ஒருவரிடம் போய், "ஐயா, பொம்பிளைகள் ஒருத்தரையும் காணேல்லையே?" என்று கேட்டேன். "செவ்வாய்க்கிழமை கிளினிக் நாளெல்லோ பிள்ளை. எல்லாரும் மூதூர் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க" என்றார். எல்லாச் சமயத்தின் நாளையும் பார்த்த நான் கிளினிக் நாளைப் பார்க்கவில்லை. அழுகை வந்துவிட்டது.

தம்பிராசா அண்ணன் ஆறுதல் சொல்லவில்லை. "வாங்கோ, சனம் வர ஏலாட்டில் நாங்க சனத்திட்டப் போவம்" என்று பஸ் தரிப்புக்குக் கூட்டிப் போனார். பின்னேரப் பஸ் வந்து நின்றது. மருந்துப் பைகளோடு பெண்கள் இறங்கினார்கள். முதலில் இறங்கிய கனகம்மா என்ற பெண்ணிடம் அவர் கேட்டார்: "அம்மா, நீங்க கடைசியா எதுக்குப் பஸ் ஏறினீங்க?"

"இதென்ன விசர்க் கேள்வி? இப்பதானே இறங்கிறன்!" என்றார் அந்த அம்மா. எல்லோரும் சிரித்தார்கள். பிறகு அவரே சொன்னார். சீனி வருத்தம் என்கிற நீரிழிவுக் கிளினிக்குக்கு விடிய ஏழு மணிக்கு நம்பர் கொடுப்பார்கள். இங்கிருந்து போகும் முதல் பஸ் ஒன்பதுக்குத்தான் மூதூரை எட்டும். "அதால முதல் நாள் பின்னேரமே போனனான். தெரிஞ்ச வீட்டு விறாந்தையில படுத்தனான். மாசா மாசம் இதே பாடுதான். நீங்க வென்றா விடியப் பஸ் ஒண்டு விடுவீங்களா?"

"வெல்லுவமோ தெரியாது அம்மா. வென்றாலும் தோத்தாலும் அந்தப் பஸ்ஸைக் கேட்டு எடுத்துத் தருவன்" என்றார் தம்பிராசா அண்ணன்.

கட்சியின் வான் வண்டியில் ஏறியதும் நான் பொரிந்து தள்ளினேன். "தேர்தலுக்கு நிக்கிற கட்சிக்காரர் 'தோத்தாலும்' எண்டு சொல்லலாமா? உங்களுக்கு விளக்கம் இருக்கா?" அவர் சிரித்தார். "மேடையில ஏறின ஆள் என்னவும் சொல்லலாம், தங்கச்சி. பஸ்ஸில ஏறினா எங்க போறதெண்டு உண்மையைச் சொல்லத்தானே வேணும்" என்றார்.

அடுத்த நாள் கோடு போட்ட ஒரு ஒற்றை றூள் பள்ளிக்கூடக் கொப்பியோடு வந்தார். சம்பூர், மூதூர், தோப்பூர், ஈச்சிலம்பற்று என்று வீடு வீடாகப் போய் இருவரும் அந்த ஒரே கேள்வியைக் கேட்டோம். உங்கள் பிரச்சினை என்ன என்று கேட்டால் சனம் எங்கள் துண்டுப்பிரசுரத்தையே எங்களுக்குத் திருப்பிச் சொல்லும். எதற்குப் பஸ் ஏறினீர்கள் என்று கேட்டால் வீட்டுக் கதை முழுதும் வரும். பெயர், ஊர், போன இடம், காரணம் என்று கோடு போட்டு இருவரும் மாறி மாறி எழுதினோம். சொன்ன சொல்லை அப்படியே எழுத வேண்டும், நாங்கள் திருத்தக் கூடாது என்பது அவருடைய கண்டிப்பு. தோப்பூரில் ஒரு பெரியவர் மூதூருக்குத் தேத்தண்ணி குடிக்கச் சும்மா போனதாகச் சொன்னார். நான் அதை விட்டுவிடப் பார்த்தேன். "சும்மா போறதும் ஒரு தேவைதான். எழுதுங்கோ" என்றார். எழுதினேன். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் ஆஸ்பத்திரிதான் வந்தது.

நான் எழுதிய துண்டுப்பிரசுரத்தில் விடியப் பஸ்ஸுக்கு ஒரு வரி கொடுத்தேன். அமைப்பாளர் சிவப்புப் பேனையால் வெட்டினார். "பாராளுமன்றத் தேர்தலுக்குப் பஸ் கதையா? பிரதேச சபைத் தேர்தல் எண்டு நினைச்சிட்டீங்களா? சனத்துக்கு உரிமையைச் சொல்லுங்கோ" என்றார். உண்மையைச் சொல்கிறேன், அவர் சொன்னதும் எனக்குச் சரியாகவே பட்டது. உரிமைக்காகத்தானே நான் இந்தக் கட்சிக்கு வந்தேன். தம்பிராசா அண்ணன் எதிர்க்கவில்லை. "உரிமை வேணும்தான், நானும் அதுக்குத்தான் வந்தனான். அதைக் கேக்கப் போறதுக்கும் ஒரு பஸ் வேணுமெல்லோ" என்று மட்டும் சொன்னார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வரி வெட்டியபடியே அச்சுக்குப் போனது.

தோற்றோம். மூதூர்ப் பக்கத்தில் நன்றாகவே தோற்றோம். முடிவு வந்து இரண்டு கிழமை நான் வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை. அந்த இரண்டு கிழமைக்குள் தம்பிராசா அண்ணன் கொப்பியைச் சேலைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு, மூதூரில் ஹனீபா நானாவின் வீட்டுக்குப் போய், அவர் கையில் கொடுத்துவிட்டார். "உங்கட ஆள்தான் வென்றிருக்கிறார். இதில எல்லாம் எழுதிக் கிடக்கு. அவரிட்டக் குடுத்துப் பஸ்ஸைக் கேளுங்கோ" என்று சொல்லியிருக்கிறார். ஹனீபா நானா திகைத்துப் போனாராம். பிறகு எனக்குச் சொன்னார், "அரசியல்ல மனுசன் ஒளிச்சு வைக்கிற சாமானை இவரு கொண்டாந்து தாறாரே எண்டு நான் பயந்துட்டன் தங்கச்சி."

எனக்கு வந்த கோபத்தை எப்படிச் சொல்வேன்! வெயிலில் ஊர் ஊராக நான் நடந்து எழுதிய கொப்பி. எந்த வாசலில் எந்தக் குறை இருக்கிறதென்று தெரிந்த கொப்பி. அடுத்த தேர்தலுக்கு அதைவிட வேறென்ன ஆயுதம் எங்களிடம் இருந்தது? அதைப் போய் வென்றவன் கையில் கொடுப்பதா? கட்சி அலுவலகத்தில் கூட்டம் கூடியது. அவரைப் பிரசாரக் குழுவிலிருந்து நீக்குவதென்று பிரேரணை வந்தது. அவர் எழும்பி ஒரே ஒரு விசயம் சொன்னார். "டிக்கெட் கிழிச்சுக் குடுத்தா ஆளைக் கொண்டுபோய் இறக்கத்தானே வேணும். நான் அந்தப் பொம்பிளைகளுக்குச் சொல்லுக் குடுத்திட்டன்." பிறகு அவரை நீக்கச் சம்மதிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கினேன். அவர் என்னைப் பார்த்தார், பிறகு தன் குடையைத் தேடி எடுத்துக்கொண்டு போனார்.

அதன் பிறகு பல மாதம் அவரோடு நான் கதைக்கவில்லை. ஒருநாள் சந்தையில் ஈச்சிலம்பற்றுப் பெண் ஒருத்தி என்னைப் பிடித்து, "அக்கா, விடியப் பஸ் ஓடுது! ஐந்தரைக்கு வெளிக்கிட்டு ஏழுக்கு முதல் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்குது" என்றாள். ஆட்களை அங்கே இறக்கிவிட்டு அதே பஸ் சம்பூர் வரை போய்த் திரும்புகிறதாம். என் பெயரையும் சொல்லி வாழ்த்தினாள். நான் வாழ்த்தை வாங்கிக்கொண்டு நின்றேன். வெட்கமாக இருந்தது, ஆனால் அதைவிடச் சந்தோசமாக இருந்தது. இரண்டும் ஒன்றாக வரும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை விடிய முதல் பஸ்ஸில் மூதூருக்குப் போனேன். ஆஸ்பத்திரி வாசலில் நின்று அந்தப் பஸ் வருவதைப் பார்த்தேன். கனகம்மா இறங்கினார். தலை சீவி, பூ வைத்து, சொந்த வீட்டில் படுத்து எழும்பிய முகத்தோடு இறங்கினார். நான் அதே பஸ்ஸில் ஏறிச் சம்பூருக்குப் போனேன். மன்னிப்புக் கேட்க வேண்டுமென்று வழி முழுதும் வசனம் ஒத்திகை பார்த்தேன். வீட்டு வாசலில் தம்பிராசா அண்ணன் பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும், "வாங்கோ றோசலின். எதுக்குப் பஸ் ஏறினீங்க?" என்றார்.

ஒத்திகை பார்த்த வசனத்தை விட்டுவிட்டு, "சும்மா வந்தனான்" என்றேன். என் நாக்கில் இடி விழ! "சும்மா வாறதும் நல்லதுதான்" என்று சிரித்துவிட்டு, பரமேஸ்வரி அக்காவிடம் தேத்தண்ணி போடச் சொன்னார். மேசையில் அந்தக் கொப்பி கிடந்தது. பஸ் கிடைத்ததும் ஹனீபா நானா திருப்பிக் கொடுத்துவிட்டாராம். நான் தேத்தண்ணி குடிக்கும்போது அதில் ஏதோ எழுதி மூடினார். அதன் பிறகு நாங்கள் மறுபடி பழையபடி ஆனோம். கிழமைக்கு ஒரு தரம் போனில் சண்டை பிடித்தோம். கட்சி அவரைத் திரும்பக் கூப்பிட்டது. "பென்சன் எடுத்த ஆளை டியூட்டிக்குக் கூப்பிடாதையுங்கோ" என்று சொல்லிவிட்டார். அந்தக் கைதூக்கலைப் பற்றி அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

செத்த வீட்டுக்கு ஈச்சிலம்பற்றுப் பெண்கள் அவருடைய பஸ்ஸிலேயே வந்தார்கள். எங்கள் அமைப்பாளரும் ஹனீபா நானாவும் ஒரே மர வாங்கில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். அழுகையோடு சிரிப்பும் அங்கே இருந்தது. அவரைப் பற்றிக் கதைத்தால் சிரிக்காமல் இருக்க ஏலாது. எல்லாம் முடிந்த பிறகு பரமேஸ்வரி அக்கா அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து என் கையில் வைத்தார். "இது உங்களுக்குத்தான் எண்டு சொல்லி வச்சவர்" என்றார்.

திரும்பும் பஸ்ஸில் அதைத் திறந்தேன். கடைசிப் பக்கத்தில் அவருடைய எழுத்தில் ஒரு வரி. பெயர்: றோசலின். ஊர்: லிங்கநகர். போன இடம்: சம்பூர். காரணம் என்ற இடத்தில் 'சும்மா' என்று இருக்கும் என்று நினைத்தேன். 'கோவம் ஆறி, மன்னிப்புக் கேக்க. கேட்டாச்சு' என்று இருந்தது. சொன்ன சொல்லைத்தான் எழுத வேண்டும் என்று என்னோடு மல்லுக்கு நின்ற மனுசன், அந்த ஒரு வரியில் மட்டும் நான் சொல்லாததை எழுதி வைத்திருக்கிறார். பஸ் கிண்ணியாப் பாலம் தாண்டும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்த பெண் தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள்.

அவருடைய சொத்தில் என்னிடம் இருப்பது இந்தக் கொப்பியும் அந்தக் கேள்வியும்தான். மறுபடி ஒரு தேர்தல் வரும், மறுபடி நான் நாள் குறிப்பேன், முதலில் கிளினிக் நாளைப் பார்ப்பேன். கொப்பியில் அவருடைய வரிக்குக் கீழே ஒரு கோடு வெறுமையாக இருந்தது. அன்று திரும்பும் பஸ்ஸிலேயே அதில் எழுதினேன்; ஆட்டத்தில் எழுத்துக் கோணலாக வந்தது, பரவாயில்லை. பெயர்: றோசலின். ஊர்: லிங்கநகர். போன இடம்: சம்பூர். காரணம்: கொண்டக்டரை வழியனுப்ப.