நஸீமா மிஸ்ஸியும் கூரைக் காற்றாடியும்

"டொக்டர், நம்ம மிஸ்ஸி போயிட்டாங்க" என்று தெரணியகலையிலிருந்து சாரதி செல்லையா தொலைபேசியில் சொன்னார். நான் மாவனல்லையை அடைந்தபோது, மிஸ்ஸி என்று நாங்கள் அழைத்த தாதி நஸீமாவின் ஜனாஸா அடக்கம் முடிந்திருந்தது. வாசலில் தோட்ட நிர்வாகம் அனுப்பிய மலர்வளையம் கிடந்தது. மலர்வளையம் வைக்கும் வழக்கமே இல்லாத முஸ்லிம் வீட்டுக்கு மலர்வளையம்! தம்மிடம் பணியாற்றியே ஓய்வுபெற்றவரை அவர்கள் எவ்வளவு அறிந்திருந்தார்கள் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

தோட்டத்து மேற்பிரிவின் தொழிலாளர் லயங்களில் வாழ்ந்த உங்களுக்கு எங்கள் மருத்துவ வேன் நினைவிருக்கும். கட்டிலும் கழுவுதொட்டியும் கூரையில் மின்காற்றாடியும் உள்ள, வெளிநாட்டார் எவரோ உல்லாசப் பயணம் செய்து கழித்துவிட்டுப் போன வண்டி. அதற்குள்தான் கர்ப்பிணிகளைப் பரிசோதித்தோம். ஓர் ஐப்பசியில் காற்றாடி நின்றது. புழுக்கத்தில் இரு பெண்கள் மயங்கினார்கள். பிற்பகலுக்குள் அது ஓடாவிட்டால் வேனைத் தம் பங்களாவுக்கு எடுத்துக்கொள்வதாகத் தோட்டத்தை நிர்வகித்த துரை அறிவித்தார். தம் குடும்பச் சுற்றுலாக்களுக்காக அவர் அதன்மேல் கண்வைத்திருந்ததை எல்லோரும் அறிவோம். அவர் பெயரை எழுதி இப்பக்கத்தைக் கெடுக்க மாட்டேன்.

ஆத்திரத்தில் என் கை நடுங்கியது. "ஒங்கட கோவத்த வெச்சிக்கோங்க டொக்டர். கை மட்டும் நடுங்கக் கூடாது" என்றார் மிஸ்ஸி.

பியூஸைப் பார்த்தோம்; பழுதில்லை. மோட்டாரை நேரே பற்றரியில் இணைத்தோம், சுழன்றது. அப்படியானால் கோளாறு இரண்டுக்கும் நடுவில். மிஸ்ஸி, நோயாளியின் வீட்டாரிடம் கேட்பதுபோல் செல்லையாவிடம் கேட்டார்:

"எப்பயிருந்து இப்பிடி?"

"ஆயுத பூசைக்கு மறுநாள்லேருந்துங்க."

"பூசையில இதுக்கு என்ன செஞ்ச?"

"சந்தனம் வச்சேங்க மிஸ்ஸி. எல்லாத்துக்கும் வச்சிட்டு இத மட்டும் விட்டா கோவிச்சுக்கும்ல?"

"வெச்சும் கோவிச்சிக்கிட்டுத்தானே நிக்கிது!"

காற்றாடிக்கு மேலே கூரைத் திறப்பை அடைக்கும் மூடியின் ஓரத்தில் ஒரு சிறு குமிழ் உண்டு. மூடியைச் சாத்தினால் அது அழுந்திக் காற்றாடியை நிறுத்தும்; திறந்தால் எழும்பி ஓடவிடும். செல்லையாவின் பக்தி அதன்மேல் காய்ந்து, அழுந்தியபடியே ஒட்டவைத்திருந்தது. ஊசி போடுமுன் தோலைத் துடைக்கும் ஸ்பிரிட்டில் மிஸ்ஸி பஞ்சை நனைத்துத் தந்தார். நான் துடைத்தேன். குமிழ் எழும்பியது.

துரை உள்ளே வந்து காற்றாடியின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். மிஸ்ஸி மின் ஆளியைத் தட்டினார். காற்றாடி சீறிச் சுழன்றது. துடைத்தபோது இறக்கைகள்மேல் உதிர்ந்திருந்த சந்தனத்தூள் அவருடைய வெள்ளைச் சட்டையெங்கும் கொட்டியது. "தொரைக்கும் பூசையாயிருச்சு!" என்று வரிசையிலிருந்து ஒரு பெண் கூவினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு கர்ப்பிணிகள் சிரித்தார்கள். அந்த வேன் கடைசிவரை பங்களாவுக்குப் போகவில்லை.

கோபத்தை வைத்திருக்கிறேன், மிஸ்ஸி. அதை விடும்படி நீங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. உங்கள் வாசலில் கிடந்த மலர்வளையத்தை எடுத்துப்போய், அதை அனுப்பியவர்களின் மேசைமேலேயே வைத்தேன். கை நடுங்கவில்லை.