சின்ன ஆள்

அந்தக் கோயில் ஊர் ரயில்வே ஸ்டேஷனுக்கு இப்போது கோபுரம் மாதிரி முகப்பு வைத்து, தானாக நகரும் படிக்கட்டும் போட்டிருக்கிறார்கள். சாமி கும்பிட வருகிறவர்கள் கோயிலுக்குப் போவதற்கு முன்னாலேயே அங்கே நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். நான் மட்டும் நடைமேம்பாலத்தின் முதல் தூணைப் பார்த்தால் இன்றைக்கும் ஒதுங்கித்தான் நடப்பேன். அதன் குழியில் என்னைத்தான் போடப்போகிறார்கள் என்று நம்பி நடுங்கியவள் நான்.

பழைய ஸ்டேஷனை இடித்துப் புதிதாகக் கட்டும் வேலைக்காகக் கல்வராயன் மலையிலிருந்து இறங்கி வந்திருந்தோம். அப்பா, அம்மா இருவருக்கும் அங்கேதான் வேலை. தண்டவாளத்து ஓரமாகத் தகர ஷெட்டில் குடியிருப்பு. மலையிலேயே கரியாலூர்ப் பக்கம் ஹாஸ்டலில் தங்கிப் படித்த அக்காவும் முழுப்பரீட்சை லீவுக்கு வந்திருந்தாள்.

அடுத்த ஷெட்டில் ரிஷிவந்தியத்து அத்தை ஒருத்தி. வாயைத் திறந்தால் கதைதான். வெள்ளைக்காரன் அந்த ஸ்டேஷனைக் கட்டியபோது சுவர் எழுப்ப எழுப்பச் சரிந்ததாம்.

"அப்பறம் இன்னா பண்ணான்? ஒரு புள்ளையப் புடிச்சாந்து கடக்கால் குழியில போட்டு மூடினான். அப்பறந்தான் செவுரு நின்னுது. இப்ப இவனுங்க மட்டும் சும்மா கட்டிடுவானுங்களா?" என்றாள், வெற்றிலையை மென்றபடி.

அன்று சாயங்காலமே மேஸ்திரி வந்தார். "நாளைக்கு மொதத் தூணுக்குக் கான்கிரீட்டு. சித்தாள் ஒண்ணு கம்மியா இருக்குது. வெளிய எங்க போய்த் தேடுறது? உன் வூட்டுலதான் இருக்குதே, காலையில வந்து இட்டுக்கினு போறேன்" என்றார் அப்பாவிடம்.

மலையில் வீட்டை நாங்களே கட்டிக்கொள்வோம். மேஸ்திரி, கொத்தனார் பேச்செல்லாம் எனக்குப் புதிது. சித்தப்பா என்றால் சின்ன அப்பா. சித்தி என்றால் சின்னம்மா. அப்படியானால் சித்தாள் என்றால் சின்ன ஆள். எங்கள் ஷெட்டில் என்னைவிடச் சின்ன ஆள் யார்?

"லீவு முடியிற வரைக்குந்தாங்க மேஸ்திரி" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. அடப்பாவி அப்பா! லீவு முடிந்ததும் குழியிலிருந்து தோண்டி எடுத்துக் கொடுத்துவிடுவார்களா? அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதற்குமேல் எனக்குச் சந்தேகமே இல்லை.

விடிந்ததும் அம்மா என்னை இழுத்துப்போய்த் தலைக்குத் தண்ணீர் ஊற்றினாள். எங்கள் மலைத் திருவிழாவில் ஆட்டின் மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம், உடனே வெட்டு. சிலுப்பாவிட்டால் காத்திருப்பார்கள். நான் பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன்.

"இன்னாடி, மரமாட்டம் நிக்குற? தலைய ஆட்டு, தண்ணி வடியட்டும்."

பெற்றவளே இப்படிச் சொல்கிறாளே! நான் தலையை ஆட்டவே இல்லை.

மேஸ்திரி வந்தார். வாசலில் விறைத்து நின்ற என்னை, "வழி வுடு குட்டி" என்று ஓரமாக நகர்த்திவிட்டு, "இன்னா, சித்தாள் ரெடியா?" என்று உள்ளே பார்த்துக் கேட்டார். பாவாடைக்கு மேல் அப்பாவின் பழைய சட்டையும் தலையில் சும்மாடுமாக அக்கா வெளியே வந்தாள்.

என்னை இல்லை! அந்தச் சந்தோஷம் ஒரு நொடிதான். ஐயோ, அக்காவை! கத்திக்கொண்டே பின்னால் ஓடினேன். வேலிக் கம்பிக்குப் பக்கத்தில் அத்தை என்னைப் பிடித்து நிறுத்திக்கொண்டாள். அக்கா கலவைச் சட்டியைச் சுமந்துகொண்டு குழி விளிம்புக்குப் போனாள். கண்ணை இறுக மூடிக்கொண்டேன். திறந்தபோது வெறும் சட்டியோடு திரும்பி வந்துகொண்டிருந்தாள். மறுபடி போனாள். ஒவ்வொரு தடவையும் செத்துச் செத்துப் பிழைத்தேன்.

சாயங்காலம் முழு அக்காவாகத் திரும்பி வந்தாள். கைகால் எல்லாம் சிமெண்ட். நான் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். அவளோ ஆணியில் தொங்கிய தன் புத்தகப் பையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள்.

"அதான் உன்னக் குழியில போடலியே, இன்னாத்துக்குக்கா அழுவுற?"

"எல்லாத் தூணும் முடியிற வரைக்கும் வரணும்னு மேஸ்திரி சொல்லிட்டாருடி. பள்ளிக்கூடம் தொறந்தாலும் வரணுமாம். அப்பாவும் சரின்னுட்டாரு."

எல்லாத் தூணும் முடிகிற வரைக்கும் என்றால், அத்தனை நாளும் அக்காவை ஒன்றும் செய்யமாட்டார்கள் என்றுதானே அர்த்தம்? சந்தோஷம் தாங்காமல் அத்தையிடம் சொல்ல ஓடினேன்.