கடல் நிறத்தில் ஒரு வள்ளம்

இன்று காலை ஷெரினிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. "அன்ரி, அப்பான்ர போட்டுக்குப் புதுப் பெயின்ற் அடிக்கப் போறம். பேஸ்புக் பேஜுக்கும் புது லோகோ வேணும். கடல் நிறத்தில, சிம்பிளா, எழுத்து மெல்லிசா." கூடவே ஏதோ வெளிநாட்டுப் படகின் படம். சாம்பல் கலந்த வெளிர்நீலம். படத்தைக் கண்டதும் எனக்கு எனாமல் பெயின்ற் மணந்தது. கைபேசியில் மணம் வராது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த நிறத்தை அதே வள்ளத்துக்கு நான் முன்பே ஒருமுறை அடிப்பித்திருக்கிறேன். அடிப்பித்துவிட்டு நன்றாகப் பட்டும் இருக்கிறேன்.

அப்போது ஷெரின் மூன்றாம் வகுப்பு. நான் கொழும்பில் ஆறு மாதம் டிசைன் படித்துவிட்டு ஊர் திரும்பியிருந்தேன். ஆறு மாதப் படிப்புக்கு ஆறு வருடத் தலைக்கனம். உட்துறைமுக வீதிக்குக் கிட்ட இருந்த நசீர் நானாவின் அச்சுக் கடையில் வேலை. கல்யாண அழைப்பிதழ், கோயில் திருவிழா நோட்டீஸ், பள்ளிவாசல் அறிவித்தல், மரண அறிவித்தல் எல்லாவற்றுக்கும் ஒரே கணினி, ஒரே நான். தாளின் நடுவில் சின்னதாக நாலு எழுத்து, சுற்றிவர வெள்ளை, இதுதான் என் கொள்கை. வந்தவர்கள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "மிச்ச இடத்துக்கு என்ன வரும் தங்கச்சி?" என்று கேட்பார்கள். நான் பெருமூச்சு விடுவேன்.

நானாவுக்கு ஒரு பழக்கம். அச்சடித்த எதையும் கடைக் கதவில் ஒட்டிவிட்டு, வீதியைக் கடந்து எதிர்ப்பக்கம் போய் நின்று பார்ப்பார். இடையில் பஸ் போகும், ஓட்டோ போகும், சில நாளில் மாடும் நிற்கும். எல்லாம் விலகியபின் அங்கிருந்தே வாசிக்க முடிந்தால்தான் வேலை முடிந்த கணக்கு. "புள்ள, பேப்பர மூக்குக்குக் கிட்ட வெச்சு ஆரும் பாக்கிறதில்ல" என்பார். கிண்ணியாவில் இருந்து தினமும் பாலத்தால் மோட்டார் சைக்கிளில் வரும் மனுசனுக்கு டிசைனைப் பற்றி என்ன தெரியும் என்று நான் உள்ளுக்குள் சிரித்துக்கொள்வேன்.

அந்தக் கடைக்குத்தான் ஷெரினின் அப்பா அருளப்பு அண்ணை ஒரு நாள் வந்தார். டச்சுக் குடாக் கரையில் வள்ளம் விடுகிறவர். கடல் அடங்கியிருக்கும் மாதங்களில் வெளிநாட்டுக்காரரைத் திமிங்கிலம் காட்டக் கூட்டிப்போவார், மற்ற மாதங்களில் மீனுக்குப் போவார். "பேஸ்புக்கில படம் போடோணுமாம் பிள்ளை. ஆக்கள் அதைப் பாத்துத்தானாம் வருகினம்."

வள்ளத்தைப் போய்ப் பார்த்தேன். உடம்பு முழுக்கச் செம்மஞ்சள். மூக்கு கிளிப்பச்சை. 'மரியநேசன்' என்ற பெயர் தடித்த சிவப்பு எழுத்தில், ஒவ்வொரு எழுத்துக்கும் மஞ்சளில் நிழல் வேறு. எனக்குக் கண்ணில் மிளகாய்த்தூள் பட்டமாதிரி இருந்தது. உடனே கடையில் உட்கார்ந்து கடலின் நிறத்திலிருந்தே ஒரு வெளிர்நீலம் எடுத்தேன். எழுத்தை நூல்போல மெல்லியதாக்கினேன்.

அண்ணை தலையைச் சொறிந்தார். "மனுசி ஜசிந்தாவிட்டை ஒருக்காக் கேக்கோணும்."

"அண்ணை, இது பிராண்டிங். வீட்டில கேட்டுச் செய்யிற விசயம் இல்லை" என்றேன். அந்த வசனத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் காது சூடாகிறது.

பெயின்ற் அடித்தாயிற்று. மணலில் நின்ற வள்ளத்தைப் படம் எடுத்துப் போட்டேன். லைக் குவிந்தது. லண்டனில் இருந்தும் கனடாவில் இருந்தும் இதயம் இதயமாக வந்தது. அவர்களில் ஒருவருக்குக்கூட அந்த வள்ளத்தைக் கடலில் தேட வேண்டிய தேவை இருக்கவில்லை. அது அப்போது எனக்கு உறைக்கவில்லை. நானாவும் இதைத் தூர நின்று பார்க்கவில்லை. வீதிக்கு அங்கால போய்ப் பார்க்கலாம், கடலுக்கு அங்கால ஆர் போய்ப் பார்க்கிறது?

வாடைக் காற்று தொடங்கும் காலம் அது. சுற்றுலாக்காரர் போய்விட்டார்கள், அண்ணை மீனுக்குப் போயிருந்தார். வள்ளம் கரைக்கு வருவதைப் படம் எடுக்கலாம் என்று பின்னேரம் கமராவோடு போனேன். காற்று பலத்துவிட்டதால் ஏழெட்டுப் பெண்கள் கரையில் நின்றார்கள். கையை நெற்றியில் வைத்துக் கடலைப் பார்த்தபடி. எனக்கு ஒன்றுமே தெரியாத தூரத்தில் அவர்களுக்கு எல்லாம் தெரிந்தது. "மஞ்சள், நீல விளிம்பு. ரீத்தா, உன்ர ஆள் வாறார்" என்று ஒருத்தி சொல்வாள். ரீத்தா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு தண்ணீரை நோக்கி நடப்பாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிறம். அது யாரும் எழுதிவைக்காத கணக்கு.

ஜசிந்தா அக்கா ஒரு சிவப்புக் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். காற்று குடையோடு சேர்த்து அவரையும் இழுத்தது. "மழையும் இல்லை, வெயிலும் இல்லை. என்னத்துக்கு அக்கா குடை?" என்று பகிடி விட்டேன். "அது கிடக்கட்டும் பிள்ளை" என்றார், கடலில் இருந்து கண்ணை எடுக்காமல்.

ஒவ்வொரு வள்ளமாகக் கரை சேர்ந்தது. ஒவ்வொரு பெண்ணாகக் குறைந்தார்கள். கடைசியில் நாங்கள் இரண்டு பேரும்தான்.

"உமக்குத் தெரியுதோ பிள்ளை? கமராவில தூரத்தில உள்ளதும் தெரியுமல்லோ?"

லென்ஸை இழுத்து இழுத்துப் பார்த்தேன். கடல் சாம்பல், வானம் சாம்பல். இரண்டோடும் பொருந்த வேண்டும் என்று நான் பார்த்துப் பார்த்து எடுத்த நிறம் இரண்டோடும் நன்றாகவே பொருந்தியிருந்தது. "இல்லை அக்கா" என்றேன்.

"எங்கட அப்பா திரும்பாமல் போன அண்டைக்கும் காத்து இப்பிடித்தான்" என்றார் அவர், எனக்கா கடலுக்கா என்று தெரியாமல். குடையை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தார். ஒரு மனுசனை அவருடைய மனைவியின் கண்ணில் இருந்து நான் பெயின்ற் அடித்து அழித்துவிட்டேன் என்பது அப்போதுதான் விளங்கியது.

முதலில் எஞ்சின் சத்தம்தான் கேட்டது. பிறகு நன்றாகக் கிட்ட வந்தபின் ஒரு தலை தெரிந்தது. அண்ணை குதித்து இறங்கி, "எஞ்சின் இடையில நிண்டிட்டுது. ஆனா நான் உன்னை அவ்வளவு தூரத்திலயே கண்டிட்டன்!" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. அப்படியே மணலில் குந்திவிட்டார். ஏச்சு விழும் என்று நான் குனிந்து நின்றேன். ஏசவில்லை.

"வடிவுதான் பிள்ளை" என்றார் மெதுவாக. "ஆனா எனக்கு என்ர ஆளைத் தெரியேல்லையே."

வந்த ஞாயிறு பூசை முடிந்ததும் அண்ணை, அக்கா, நான் மூன்று பேருமாகப் பழைய செம்மஞ்சளையே அடித்தோம். பெயரை நானே தடிப்பாக எழுதி, மஞ்சள் நிழலும் போட்டேன். நானா வந்து பார்த்துவிட்டு, "இனி ரோட்டுக்கு அங்கால என்ன, கிண்ணியாவில இருந்தே வாசிக்கலாம்" என்றார். ஒரு கிழமை என் நகத்தில் பெயின்ற் போகவில்லை. அன்றிலிருந்து யார் வேலை கொண்டுவந்தாலும் முதலில் நான் கேட்பது, இதை யார், எவ்வளவு தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும் என்பதுதான். நான் எங்கோ பெரிய புத்தகத்தில் படித்ததாக நினைக்கிறார்கள். நான் படித்தது அந்த மணலில்.

எனவே ஷெரினுக்குப் பதில் போட்டேன்: "அம்மாவைக் கேட்டனீங்களோ?"

"ஓம் அன்ரி. அம்மாக்குப் பிரச்சினை இல்லை. இப்ப அப்பா எங்க நிக்கிறார் எண்டு போனிலயே தெரியுதுதானே."

மனம் கேட்கவில்லை. பின்னேரம் வீட்டுக்கே போனேன். அக்கா குசினியில் இறால் உரித்துக்கொண்டிருந்தார். சீனி டின்னில் சாய்த்துவைத்த கைபேசியில் ஒரு புள்ளி நகர்ந்துகொண்டிருந்தது. "இந்தா, வாறார்" என்று இறால் கையால் காட்டினார். அவருடைய முகத்தில் அந்தப் பழைய பயத்தின் தடயமே இல்லை. எனக்கு உண்மையிலேயே சந்தோசமாக இருந்தது. அன்று அதைக் கிட்ட நின்று பார்த்தவள், அது திரும்பி வரவேண்டும் என்று எப்படி ஆசைப்படுவேன்? குடை எங்கே என்று கேட்டேன். "அலுமாரிக்கு மேல கிடக்கும். ஏன் பிள்ளை, மழை வருதோ?"

அங்கிருந்து கரைக்கு நடந்தேன். ஒருவரும் இல்லை. நெற்றியில் கை வைத்த ஒரு பெண்கூட இல்லை. செம்மஞ்சள் வள்ளம் தூரத்திலேயே தெரிந்தது. அண்ணை வந்து இறங்கினார்.

"அண்ணை, கடல் நிறம் அடிக்கட்டோ?"

"அடியுங்கோ. அவவுக்கு இப்ப பயமில்லை, அது போதும்." வள்ளத்து விளிம்பில் குந்தி, ஆளில்லாத கரையைப் பார்த்தார். "எனக்குத்தான் பழக்கம் விடுகுதில்லை பிள்ளை. கோணேசர் மலை தெரிஞ்சோடனை கண் தன்ர பாட்டில கரைக்குப் போகுது. அந்தச் சிவப்புக் குடையைக் கண்டாத்தான் எனக்கு வந்து சேர்ந்தமாதிரி. அண்டைக்கும் அதைப் பாத்துத்தான் வந்தனான்."

"அக்காட்டைச் சொல்லுங்கோவன்."

"இதைப் போய் எப்பிடிச் சொல்லுறது?" என்று வெட்கப்பட்டுச் சிரித்தார்.

சட்டைப் பையில் கைபேசி அடித்தது. அக்காவின் குரல் எனக்கும் கேட்டது. "கரைக்கு வந்திட்டியள் எண்டு காட்டுது. தேத்தண்ணி ஊத்தட்டோ?"

"ஓம், ஊத்து" என்றார் அண்ணை. அந்த நேரத்தில் கரையில் நின்ற ஒரே பெண் நான்தான். என்னிடம் குடை இருக்கவில்லை.