கொப்பரைக் களத்து மூக்கு

கிணத்துக்கடவில் எங்கள் வீட்டை ஒட்டிய கொப்பரைக் களத்தில் தீ போட்டு உலர்த்தும் வேலை ஒரு அம்மாவுடையது. ஒல்லியான உடம்பு, கூர்மையான மூக்கு. எதைக் கையில் வாங்கினாலும் முதலில் மோந்து பார்ப்பார், நான் கொடுக்கும் டீயைக்கூட. புகை வாசம் ஏறிய கொப்பரையை வியாபாரி தொடமாட்டார் என்பதால் வந்த பழக்கம் அது.

நான் புதிதாக பெல்லட் ஸ்மோக்கர் வாங்கியிருந்தேன். மரத்தூள் குச்சிகளை எரித்து, அந்தப் புகையில் கறியை வேகவைக்கும் பெட்டி. இரண்டு வான்கோழிகள் வெந்தும் புகை மணமே ஏறவில்லை. மறுநாள் கிறிஸ்துமஸ், வீடு நிறைய விருந்தாளிகள். களத்து அம்மாவிடம் புலம்பினேன்.

"ஏனுங்க, காஞ்சதுல புகை அவ்வளவா ஒட்டாதுங்க. அதனாலதான் நாங்க வெயில்ல ஈரத்தப் போக்கிட்டு அப்பறம் தீ போடறோம். நீங்க தலைகீழாச் செய்யுங்க. ஈரத்தோட, சில்லுன்னு உள்ள வெச்சுப்போட்டு, மொதல்ல சூட்டைக் கொறைச்சே வைங்க."

கிறிஸ்துமஸ் அன்று மூன்றாவது வான்கோழியை அப்படியே செய்தேன். மூடியைத் திறந்ததும் தெருவே மணந்தது. சூடு ஆறுவதற்குள் ஒரு தட்டில் கறித்துண்டோடு களத்துக்கு ஓடினேன். கண்ணை மூடி மோந்தார்.

"கொப்பரையா இருந்தா இதை ஒதுக்கிப்போட்டிருப்பேனுங்க" என்றவர், தட்டைக் காலியாக்கித்தான் நிமிர்ந்தார்.

அன்று விருந்தாளிகள் எல்லோரும் புகழ்ந்தார்கள். எனக்கு அந்த அம்மா சொன்ன ஒரு வார்த்தைதான் நினைவிருக்கிறது.