மெரிதாவில் தங்கிவிட்ட ரெஜினா அக்கா

ரெஜினா அக்கா இறந்த செய்தி, முதலில் வேறொருவர் இறந்த செய்தியாகத்தான் என்னிடம் வந்தது. நான் வேலை செய்யும் வீட்டில் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த ஒரு மதியம், தொலைபேசியில் ஓர் ஆண் ஸ்பானிய மொழியில் பேசினார். இத்தாலிய மொழி தெரிந்தவர்களுக்கு அதில் பாதி விளங்கும். மீதியை நாமே நிரப்பிக்கொள்வோம். மெக்சிக்கோவின் மெரிதா நகரம், சின்யோரா, இறந்துவிட்டார். இவ்வளவும் விளங்கின. நாங்கள் வாழும் இத்தாலியின் பலேர்மோ நகரில் எங்களுக்குச் சின்யோரா என்றால் வேலை தருகிற வீட்டுக்காரிதான். ரெஜினா அக்கா பராமரித்து வந்த கிழவி போய்விட்டார் என்று எடுத்துக்கொண்டேன். அனுதாபம் சொல்லிவிட்டு, "ரெஜினாவிடம் கொடுங்கள்" என்றேன். தொலைபேசி கைமாறியது. பிறகு ஒரு முதிய பெண்ணின் அழுகுரல், சுத்தமான பலேர்மோ இத்தாலியில் கேட்டது: "சாந்தி, நான் இருக்கிறேன். போனது ரெஜினா."

அங்கே எல்லாரும் அக்காவைச் சின்யோரா என்றுதான் அழைத்து வந்தார்களாம். பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

அக்கா இலங்கையின் மன்னாரைச் சேர்ந்தவர். திருமணம் செய்யவில்லை. தம்பி தங்கைகளைக் கரைசேர்த்த பிறகும் இத்தாலியில் வேலை செய்துகொண்டிருந்தார். மத்திய ரயில் நிலையமான ஸ்தாசியோனே சென்ட்ராலேக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடத்தில் ஒரே அறையில் நாங்கள் பலர் இருந்தோம். வீட்டோடு தங்கி வேலை செய்பவர்கள் விடுமுறை நாளில் வந்தால் படுக்க இடமிருக்காது. யாராவது எழுந்து கொடுக்க வேண்டும். அக்கா எப்போதும் சுவரோரமாக ஒருக்களித்தே படுப்பார். "நிமிந்து படுக்கிறது பணக்காரர் செய்யிற வேலை" என்று சொல்லிச் சிரிப்பார்.

அவருடைய சின்யோரா ஓய்வுபெற்ற இசை ஆசிரியை. கணவர் இல்லை. பெரிய வீடு, சிறிய ஓய்வூதியம். கூரை ஒழுகினால் திருத்த வழியில்லை. மிலானோவில் இருந்த மகன்மார் அவரை முதியோர் இல்லத்தில் சேர்க்க நினைத்தார்கள். அந்த நேரத்தில்தான் மெரிதாவில் வாழ்ந்த ஒன்றுவிட்ட சகோதரி கூப்பிட்டார்: இங்கே இந்த நாட்டுக் காசின் மதிப்பு விழுந்து கிடக்கிறது, உன்னுடைய ஓய்வூதியத்தில் முற்றம் வைத்த வீடு எடுக்கலாம், ஒரு துணையையும் வைத்துக்கொள்ளலாம். ரெஜினா வந்தால் மட்டுமே போவேன் என்று கிழவி பிடிவாதமாக நின்றார்.

அக்கா அதை அறையில் சொன்ன ஞாயிற்றுக்கிழமை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தேன்.

"மெக்சிக்கோவோ? அங்கையிருந்து அமெரிக்காவுக்குக் களவாய்ப் போறதுக்கோ?" என்று கேட்டேன்.

"இல்லை. இருக்கிறதுக்கு."

"அங்கை என்ன இருக்குது அக்கா?"

"சீவிக்கச் செலவு குறைவாம்."

"அப்ப உங்கடை பெர்மெஸ்ஸோ?"

வதிவிட அனுமதியான அந்த பெர்மெஸ்ஸோவுக்காக எத்தனை விடியற்காலைகள் பொலிஸ் அலுவலக வாசலில் மழையில் நின்றார் என்று எங்கள் எல்லாருக்கும் தெரியும். வெளியே போய் நீண்டகாலம் தங்கினால் அது பறிபோகும்.

"ஓம், அது போகும்தான்" என்றார் அக்கா. பிறகு எழுந்து பருப்பைக் கிளறினார். கோபமா, துணிச்சலா, களைப்பா, எதுவும் அந்த முகத்தில் தெரியவில்லை.

மெரிதாவிலிருந்து எப்போதாவது பேசுவார். சந்தையில் புளி குவித்து விற்கிறார்களாம், மாங்காய்த் துண்டுக்கு உப்பும் மிளகாய்த்தூளும் தூவித் தருகிறார்களாம். வெயிலும் மேடுபள்ளமில்லாத நிலமும் மன்னார் மாதிரியே என்பார். அடுத்த மூச்சில், "எண்டாலும் மன்னார் மாதிரி இல்லை" என்பார். தனக்கென்று ஓர் அறை, அதற்குக் கதவு, கதவைப் பூட்ட ஒரு திறப்பு. "உள்ளுக்கை நிண்டு பூட்டிப் பாத்தனான் சாந்தி. பிறகு திறந்து பாத்தனான்." மத்தியானத்தில் கிழவியும் அவரும் ஒரே மேசையில் சாப்பிட்டார்கள். சம்பளம் பலேர்மோவில் வாங்கியதை விடக் குறைவு. எந்தக் குறையும் இல்லை என்றும் சொல்வார், சில நாட்களில் தமிழில் கதைக்க ஒரு சனமும் இல்லை என்று தொலைபேசியில் அழவும் செய்வார். ஆறுதல் சொல்வதா வாழ்த்துச் சொல்வதா என்று தெரியாமல் நான் இரண்டையும் சொல்வேன்.

ஒரு காலை சந்தைக்குப் போனவர், வழியில் ஒரு வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கிறார். எழும்பவில்லை. இதயம் என்றார்கள். அங்கேயே அடக்கம் செய்தார்கள்.

நம்முடைய கத்தோலிக்கப் பங்குக்கோவிலில் அவருக்காகப் பூசை வைத்தபோது, இதை வாசிக்கும் பலேர்மோத் தமிழர் நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். நான் சைவக்காரி, எப்போது எழும்புவது, எப்போது முழந்தாளிடுவது என்று பக்கத்தில் இருப்பவர்களைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். வெளியே வந்ததும் துறைமுகத்தில் வேலை செய்கிற ஒரு அண்ணர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"பிள்ளை, அழாதை. ரெஜினா சாகேல்லை. ஆள் அமெரிக்க எல்லை தாண்டிப் போட்டா. பேர் மாத்திறதெண்டால் பழைய ஆள் செத்ததெண்டுதான் சொல்லவேணும்."

"அண்ணை, கிழவியே அழுதழுது சொன்னவ."

"அவவுக்கும் அப்பிடிச் சொல்லச் சொல்லித்தான் சொல்லியிருப்பினம். செலவு குறைவெண்டு ஆராவது மெக்சிக்கோவிலை போய் இருப்பினமோ?"

வீட்டுக்கு நடந்துபோகும் வழி முழுவதும், அவர் சொன்னது உண்மையாக இருந்தால் என்ன என்று நானும் நினைத்துக்கொண்டேன். அமெரிக்காவையும் தாண்டிக் கனடாவில் ஏதோ ஒரு பனிக்குளிரில் வேறு பெயரில் அக்கா நிற்பதாக நினைத்துப் பார்த்தேன். அந்த அக்காவை எனக்கு அடையாளம் தெரியவில்லை.

சில நாட்கள் கழித்துக் கிழவி மறுபடியும் கூப்பிட்டார். மகன்மார் திரும்பி வரச் சொல்கிறார்களாம், அவர் மறுத்துவிட்டாராம். "ரெஜினாவின் அறை சும்மா கிடக்கிறது. நீ வருகிறாயா?" என்றார். மகள் இங்கே பள்ளிக்கூடம் போகிறாள், கணவருக்கு வேலை இருக்கிறது, வர முடியாது என்றேன்.

"ரெஜினாவும் முதல் தடவை முடியாது என்றுதான் சொன்னாள்" என்றார் கிழவி.

எங்களிடம் அக்கா அதைச் சொன்னதே இல்லை.

அவரைத் தெரிந்தவர்கள் ஆளுக்கொரு ரெஜினாவை வைத்திருக்கிறீர்கள். கெட்டிக்காரி என்பவர்கள் உண்டு, விசரி, பைத்தியக்காரி என்பவர்களும் உண்டு. என்னிடம் இருப்பது நாங்கள் கடைசியாகப் பேசியது மட்டும். "எப்ப அக்கா திரும்பி வாறியள்?" என்று வழக்கம்போலக் கேட்டேன்.

"என்னத்துக்கு, சாந்தி?" என்றார்.

அதில் எரிச்சலும் இல்லை, பகிடியும் இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்தார். தூரத்தில் அங்கே ஒரு சேவல் கூவுவது கேட்டது. காரணம் ஒன்றைத் தேடினேன். இங்கே மழை பெய்கிறது என்று சொன்னேன்.